9,487 ரூபாய் 20 காசுக்கு ஒரு கச்சேரி

கச்சேரி முடிந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

1991 முதல் 2004 வரை மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலாவும், பிற்பாடு ஆக்டோபேட் என்னும் மின்னணுத் தாளக் கருவியும் வாசித்தவன் நான். இப்போது ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மேடையின் பின்பக்கமும் ஒலிபெருக்கியின் உட்பக்கமும் எனக்குப் பழக்கம். ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி நான் போன முதல் பெரிய கச்சேரி இதுதான். சென்னைப் புறநகரில் திறந்தவெளி மைதானம். திரைப்பட இசையமைப்பாளர் ஒருவரின் நேரடி இசை நிகழ்ச்சி. என் மனைவியும், சென்னையில் வேலை பார்க்கும் மகளும் உடன் வந்தார்கள். இசையமைப்பாளர், நிகழ்ச்சியை நடத்திய நிறுவனம், டிக்கெட் விற்ற செயலி எதன் பெயரையும் இங்கே எழுதவில்லை. மகளின் தோழிகள் வேறு வேறு கச்சேரிகளுக்குப் போய்ப் பட்ட பாட்டைச் சொல்லக் கேட்டேன். எல்லாம் எங்கள் கதையாகவே இருந்தது.

புதன்கிழமை பகல் 12 மணிக்கு விற்பனை தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். மகள் அவளுடைய அலுவலகத்தில் கைபேசியோடு உட்கார்ந்தாள், நான் கடையில் உட்கார்ந்தேன். 12 மணிக்கு எனக்கு வரிசை எண் வந்தது: 41 ஆயிரத்துச் சொச்சம். பழுதான ஹோம் தியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த வாடிக்கையாளரை உட்காரச் சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12.46க்கு வழி திறந்தது. அதற்குள் 1,500 ரூபாய்ப் பிரிவு விற்றுத் தீர்ந்திருந்தது. அடுத்தது சில்வர், 2,500. அதற்கு மேல் கோல்டு 5,000, பிளாட்டினம் 9,000, மேடையை ஒட்டி நின்று கேட்கும் ஃபேன் பிட் 12,000, பக்கவாட்டில் மேடை கட்டி சோபா போட்ட லவுஞ்ச் 25,000.

மூன்று சில்வர் டிக்கெட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் 7,500 என்று காட்டியது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் கணக்கு வேறாகிவிட்டது. டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,350. சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்கு 180 வீதம் 540. அந்தச் சேவைக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி, 97 ரூபாய் 20 காசு. ஆக மொத்தம் 9,487 ரூபாய் 20 காசு. மேலே ஒரு கடிகாரம் நான்கு நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. யோசித்தால் இதுவும் கைவிட்டுப் போய்விடும் என்ற பதற்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன்.

வரி கட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. நபருக்கு 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதைத் தாண்டினால் 18 சதவீதம் என்பது அரசின் விதி. அதை விற்பவர்களும் அறிவார்கள். அப்படியிருக்க, முதல் திரையிலேயே 3,162 ரூபாய் என்று போடுவதற்கு என்ன தடை? கத்தரிக்காய் கிலோ 40 என்று பலகையில் எழுதிவைத்துவிட்டு, பையில் போட்ட பிறகு 50 கொடு என்றால் அந்தக் கடைக்கு மறுபடி யாராவது போவார்களா? டிக்கெட்டுக்கு 180 என்ற கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நான் பணம் கட்டியது ஒரு முறை, வந்த குறுஞ்செய்தி ஒன்று. மூன்று கியூஆர் குறியீடுகளை உருவாக்கித் தந்ததற்கு 540 ரூபாயா? எங்கள் கடையில் ஒரு ஆம்பிளிஃபயரைக் கழற்றி, கருகிய ஐசியை மாற்றி, சாலிடர் வைத்துக் கொடுக்க அவ்வளவு கூலி கேட்டால் வாடிக்கையாளர் என்னோடு பேரம் பேசாமல் போகமாட்டார்.

ஒரு வாரம் கழித்து அதே சில்வர் 'இரண்டாம் கட்டம்' என்ற பெயரில் 3,200 ஆனது. இடம் அதே இடம், தரை அதே தரை. நல்லவேளை, முன்பே வாங்கினோம் என்று மனைவி நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதி கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு போனது. சில்வருக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று செயலியிலிருந்தே செய்தி வந்தது. விற்பனை தொடங்கிய நிமிடத்திலேயே வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்து வாங்கிய நாங்கள் முழு விலை கொடுத்தவர்கள். கடைசி நேரத்தில் மனம் மாறி வந்தவர்கள் எங்களைவிடக் குறைவாகக் கொடுத்தவர்கள். மைதானத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற தாம்பரத்துக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் யாருக்கு அதிக ஆசையோ அவரிடம் அதிகம் கறப்பது என்று ஒரு வியாபாரம் நடந்தால், அது ரசிகனின் அன்புக்கே வைக்கும் வட்டி. இதைச் செய்தவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை. காலையில் வைகை எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து புறப்பட்டு எழும்பூர் வந்து, மகளின் அறையில் பையை வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு மைதான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கியூஆர் குறியீடு நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் செயலியில் தெரியும், திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தால் செல்லாது என்று விதி. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கைபேசியைத் திறந்தால் இணையம் எப்படி வேலை செய்யும்? எல்லாருடைய கையிலும் சுழலும் வட்டம். வாசலில் இருந்த பையன்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாவம், அன்றைக்குக் காலையில் கூட்டிவந்து நிறுத்தியிருப்பார்கள் போலிருந்தது. ஐம்பது நிமிடம் நின்றோம். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பிய கச்சேரியை வரிசையில் பலர் நினைவுகூர்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சே என் மனைவியின் முகத்தில் கலக்கத்தைக் கொண்டுவந்தது. இந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை: வீட்டிலிருந்து கிளம்பும்போதே குறியீடு திறக்கிறதா என்று பாருங்கள், திறந்தால் மைதானம் சேரும்வரை செயலியை மூடாதீர்கள். எங்கள் மூவரில் மகள் அப்படிச் செய்திருந்ததால்தான் நாங்கள் ஐம்பது நிமிடத்தோடு தப்பித்தோம்.

உள்ளே போனதும் மேடையைத் தேடினேன். முதலில் ஃபேன் பிட், அதன் பின் தடுப்பு, பிறகு பிளாட்டினம், தடுப்பு, கோல்டு, தடுப்பு. அதன் பிறகு ஒலி, ஒளிக் கட்டுப்பாட்டுக் கூடாரம். அதற்கும் பின்னால் நாங்கள். கூடாரத்தின் கூரை மேடையின் நடுப்பகுதியைச் சரியாக மறைத்தது. எங்களுக்கு முன்னால் கோல்டு பகுதியில் பாதி இடம் காலியாகவே கிடந்தது, கடைசிவரை.

நாங்கள் வாசித்த திருவிழாக்களில் முன்வரிசை குழந்தைகளுக்கு. கோயில் வாசலில் மணலைக் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். பாயும் பழைய சேலையும் விரித்து, ஒன்பது மணிக்கே வந்தவர்கள் முன்னால், சமையல் முடித்துப் பத்தரைக்கு வந்தவர்கள் பின்னால். ஊரின் பெரிய மனிதருக்கு ஒரு நாற்காலி போடுவார்கள், அதுவும் ஓரமாக. துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி, ஐந்து ரூபாய் நோட்டை மடித்துச் செருகி மேடைக்கு அனுப்புவார்கள். நோட்டு இல்லாத சீட்டும் வரும். அந்தப் பாட்டையும் பாடுவோம். அந்தக் காலத்தின் ஒலி நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். குழாய் ஒலிபெருக்கியில் தபேலாவின் அடிநாதம் வரவே வராது, நான் இரவெல்லாம் வாசித்ததில் பாதி காற்றில் கரைந்தது. எனக்கு ஒரு இரவுக்கு 150 ரூபாய் கிடைத்தது, அதுவும் சில கமிட்டிகள் அடுத்த வாரம் வா என்று சொல்லி அனுப்பிய பணம். இசைக்கலைஞனுக்கு உரிய கூலி வேண்டும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவன் நான். ஆகவே டிக்கெட் விலை உயர்ந்தது என்பதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை.

மேடையைப் பார்த்தவுடனேயே செலவு எனக்குப் புரிந்தது. இருபுறமும் தொங்கவிட்ட லைன் அர்ரே ஒலிபெருக்கி வரிசைகள், பிரம்மாண்டமான எல்ஈடி திரைகள், அவற்றுக்கு ஜெனரேட்டர்கள், கிரேன், இரும்புச் சாரம், மேடையில் ஐம்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள், அவர்களின் பயணம், தங்குமிடம், ஒத்திகை நாட்களின் சம்பளம், காவல்துறைப் பாதுகாப்பு, பாடல் உரிமைத் தொகை. இவற்றில் எதையும் சும்மா கொண்டுவர முடியாது. 2,500 ரூபாய் நியாயமா என்று கேட்டால், அதற்குரிய இசை எங்கள் காதுக்கு வந்து சேர்ந்திருந்தால் நியாயம் என்றே சொல்லியிருப்பேன்.

வந்து சேரவில்லை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் தொழில்.

ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி விழுவதைத் திரையில் பார்த்து, சத்தம் வருவதை எண்ணினேன். நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது மேடையிலிருந்து நாங்கள் நின்ற இடம் சுமார் 115 மீட்டர். பெரிய மைதானங்களில் இதற்கென்றே நடுவில் கோபுரம் நிறுத்தி, அதில் தனி ஒலிபெருக்கிகளைக் கட்டுவார்கள். மேடையின் சத்தம் அந்தக் கோபுரத்தை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கோபுரத்தின் சத்தத்தையும் தாமதிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, பாடகர் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் கேட்கும். டிலே டவர் என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் பகுதிக்கு அப்படியொரு கோபுரம் இடது பக்கம் இருந்தது. வலது பக்கம் இல்லை. இருந்த ஒன்றிலும் நேரம் பொருந்தவில்லை. பாடகி ஒரு சொல்லைப் பாடினால் கோபுரத்திலிருந்து ஒரு முறை, மேடையிலிருந்து ஒரு முறை, இரண்டு முறை கேட்டது. மெல்லிய பாடல்களில் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. வேகமான பாடல்களில் தாளமே இரட்டித்தது. கைதட்டத் தொடங்கிய மக்கள் எந்த அடிக்குத் தட்டுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். தாளக்காரனாகிய எனக்கு அதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

இதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும்? இருந்த கோபுரத்துக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. அளவெடுக்கும் மைக்கை வைத்து, கணினியில் பார்த்து, கருவியில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டும். ஒலிச் சோதனையின்போது ஒருவர் பின்னால் நடந்து வந்து அரை மணி நேரம் நின்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை. அந்த அரை மணி நேரத்தை யாரும் சில்வர்காரர்களுக்காகச் செலவழிக்கவில்லை. இடைவேளையில் கட்டுப்பாட்டுக் கூடாரத்தின் தடுப்பருகே போய், அங்கிருந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, முன்னால் எப்படிக் கேட்கிறது என்றுதான் எங்களைக் கேட்பார்கள்" என்றார். அந்தத் தம்பி உண்மையைச் சொன்னார் என்பதற்காக அவருக்கு நன்றி. பணம் குறைவாகக் கொடுத்தவனுக்குத் தூரமான இடம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அவனுக்குக் கவனிப்பும் வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இசைக்கு ஐந்துக்கு ஐந்து. முப்பது வயலின்களுக்கு மேல் உண்மையான ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். நான் வாழ்நாளெல்லாம் ஆக்டோபேடில் தட்டி ஒப்பேற்றிய தாளங்களை அங்கே தவில், கஞ்சிரா, டோலக், டிரம்ஸ் என்று தனித்தனிக் கைகள் வாசித்தபோது கண் கலங்கியது. ஒரு பழைய பாடலில் புல்லாங்குழல் இடையிசை வந்தது. பாடகர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் சில்வர் பகுதி முழுவதும் அந்தப் புல்லாங்குழல் மெட்டை வாயால் பாடியது. சொல் இல்லை, வெறும் மெட்டு. ஒரு சுரம் தவறவில்லை. தாம்பரத்துப் பிள்ளைகள் அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த அந்த இடையிசையை முழுமையாக அறிந்திருந்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு நிமிடமும் மேடையிலிருந்து வந்த ஒலி எங்களுக்குத் தேவைப்படவில்லை, நாங்களே ஒருவருக்கொருவர் கேட்கும்படி பாடிக்கொண்டோம். முன்னால் ஃபேன் பிட்டில் நிறையப் பேர் மேடைக்கு முதுகு காட்டித் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது திரையில் தெரிந்தது. ரசிகர் என்ற பெயரை 12,000 ரூபாய்ப் பிரிவுக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பெயருக்கு உரியவர்கள் கூடாரத்துக்குப் பின்னால் நின்றார்கள்.

மற்றவை சுருக்கமாக. தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. உள்ளே அரை லிட்டர் பாட்டில் 50 ரூபாய். இலவசக் குடிநீர் ஒரே ஒரு இடத்தில், அதுவும் எட்டு மணிக்குத் தீர்ந்தது. பெண்கள் கழிப்பறை வரிசையில் என் மனைவி 35 நிமிடம் நின்றாள். அவள் கேட்க ஆசைப்பட்டு வந்த பாடல் அந்த நேரத்தில்தான் பாடப்பட்டது. திரும்பிவர ஆட்டோவுக்கு 700. டிக்கெட், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து 13,000 ரூபாயைத் தாண்டியது. என் கடையில் நல்ல மாதத்தில் வாடகை, மின்கட்டணம் போக எனக்கு நிற்கும் பணத்தில் அது பாதி.

திரையரங்க டிக்கெட்டுக்குத் தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கச்சேரிக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கச்சேரியின் செலவும் வேறு. ஆனால் மைதானத்தின் கடைசிப் பகுதியிலாவது 499 ரூபாய்க்கு இடம் ஒதுக்கலாமே? அந்த விலைக்கு ஜிஎஸ்டியும் வராது. லவுஞ்ச் டிக்கெட் ஒன்றின் விலையில் ஐம்பது பேர் உள்ளே வருவார்கள். மார்கழியில் சென்னையில் எத்தனையோ சபாக்கள் பகல் கச்சேரிகளை டிக்கெட் இல்லாமலே நடத்துகின்றன. காசு இல்லாதவனும் கேட்கட்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிது இல்லையே.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பிய மறுநாளே நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றே கேட்டேன். வரியும் கட்டணமும் சேர்த்த முழு விலையை முதல் திரையிலேயே காட்டுங்கள். இருக்கை வரைபடத்தில் ஒவ்வொரு பிரிவும் மேடையிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். பின்பகுதிக்கும் கோபுரம் வைத்து, நேரம் பொருந்துகிறதா என்று ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே என் செலவில் வந்து செய்து தருகிறேன். ஏழு வேலை நாட்களில் பதில் வரும் என்று ஒரு தானியங்கிக் கடிதம் வந்தது. இன்றோடு பத்தொன்பது நாட்கள்.

நேற்று இரவு மகள் ஒரு படத்தை அனுப்பினாள். அதே மைதானம், வேறொரு இசையமைப்பாளர், சில்வர் 2,999. "அப்பா, போகலாமா?" என்று கேட்டிருந்தாள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடை இருக்கிறது, வண்ண வண்ணக் கட்டங்கள் இருக்கின்றன. மீட்டர் கணக்கு எங்கும் இல்லை. கட்டுப்பாட்டுக் கூடாரம் எங்கே வரும், கோபுரம் எத்தனை என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.